பூவாடைக்காரிக்கு எடுத்த புடவை

கனகாம்பா அக்காவுக்கு அந்த வீட்டில் யாரும் புடவை எடுத்ததில்லை. பதினைந்து வருஷமாக அவள் கட்டியதெல்லாம் செத்துப்போன ஒருத்திக்காக எடுத்த புடவைகள். இதைச் சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் குறையாகப் படாது. "அதனால இன்னா, புதுசுதானே" என்பார்கள். எனக்கும் அந்தக் காலத்தில் அப்படித்தான் பட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உறுவையாறு என்கிற ஊரில் பிறந்தவள். கனகாம்பாள் என்று பெயர் வைத்தார்கள். 1930-ல், பதினாறு வயதில், அபிஷேகப்பாக்கத்துச் சுப்பராயலுவுக்கு இளையதாரமாக வந்தாள். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான். சுப்பராயலு மாமாவுக்கு நாலு காணி நஞ்சை, கொஞ்சம் கரும்பு. அடிக்க மாட்டார், வைய மாட்டார், குடிக்க மாட்டார். வாயைத் திறக்க வேண்டிய இடத்திலும் திறக்க மாட்டார்.

அவருடைய மூத்த சம்சாரம் சின்னபொண்ணு, செல்லக்கண்ணு என்கிற பெண் குழந்தையைப் பெற்றுப்போட்டு ஒன்பதாம் நாள் ஜன்னி கண்டு இறந்தவள். பூவும் பொட்டுமாகப் போகிறவள் எங்கள் பக்கத்தில் அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி ஆகிவிடுவாள். வருஷா வருஷம் ஆடியில் அவளுக்குப் படையல் உண்டு. வீட்டில் கல்யாணம் என்றால் அவளைக் கூப்பிட்டு உத்தரவு கேட்காமல் பந்தக்கால் நட மாட்டார்கள். புதுப்புடவை ஒன்று எடுத்து, மஞ்சள் நீரில் ஒரு முனையை நனைத்து, வளையல், சீப்பு, காதோலை கருகமணியோடு கூடையில் வைத்துப் படைப்பார்கள். படையல் முடிந்ததும் அந்தப் புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிக்கொள்ள அந்த வீட்டில் இருந்தவள் கனகாம்பா அக்கா ஒருத்திதான். அந்த ஒரு புடவையிலேயே அவளுக்கு வருஷம் ஓடிவிடும். தனியாக எதற்கு எடுப்பானேன் என்று மாமா நினைத்திருப்பார். நினைத்தாரோ என்னவோ, அதுவும் சந்தேகம்தான்.

அவளுக்கென்று குழந்தை தங்கவில்லை. இரண்டு முறை வயிற்றில் வந்து இரண்டு முறையும் மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. மூன்றாம் முறை ஒன்று வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, வரவும் இல்லை. செல்லக்கண்ணுவை அவள்தான் வளர்த்தாள். செல்லக்கண்ணு அவளைச் சின்னம்மா என்று கூப்பிட்டாள். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

1934 ஆடியில் எடுத்த புடவை வாடாமல்லி நிறம், கிளிப்பச்சைக் கரை. மாமாவின் அக்கா தையலம்மாள், பூரணாங்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவர், பாகூர்ச் சந்தையில் தானே பார்த்து எடுத்து வந்தது. படையலுக்கு மறுநாள் காலையில் அதைக் கட்டிக்கொண்டு, படைத்த பித்தளைப் பாத்திரங்களை வாய்க்கால் படியில் போட்டுப் புளி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள் அக்கா. கொண்டையில் முதல்நாள் வைத்த சாமந்தி வாடாமல் இருந்தது. செல்லக்கண்ணு அப்போது எங்கள் வீட்டில் என்னோடு புளியங்கொட்டை விளையாடிக்கொண்டிருந்தாள். அதனால் பிறகு நடந்ததை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

ஏரி மதகைப் பார்க்க வந்த வெள்ளைக்கார இஞ்சினீரின் தங்கை ஒருத்தி அந்த வழியாக வந்தாள். கூடவே பிரெஞ்சுக்காரர் பஞ்சாயத்தான கொம்யூன் ஆபீஸ் எழுத்தர் மரியதாஸ், குடையைப் பிடித்துக்கொண்டு. துரைசாணி அக்காவைப் பார்த்து நின்றுவிட்டாள். மரியதாசிடம் ஏதோ சொன்னாள்.

"குந்தும்மா அப்புடியே," என்றாராம் மரியதாஸ். "துரைசாணி உன்ன படமா எழுதணுங்கறாங்க."

"பாத்திரம் கெடக்குதுங்க."

"கெடக்கட்டும். நீ குந்து."

அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து யாரும் அவளை உட்கார் என்று சொன்னதில்லை. அவள் உட்கார்ந்தாள். துரைசாணி அக்காவின் சொம்பையே வாங்கி வாய்க்கால் தண்ணீர் மொண்டு, அதில் தூரிகையை நனைத்து நனைத்து எழுதினாள். சொம்புத் தண்ணீர் சிவந்தது, பிறகு பச்சையானது, பிறகு சேறு மாதிரி ஆனது. மூன்று தாள் எழுதினாளாம். வெயில் ஏறுகிறவரை ஆயிற்று.

"அவ்ளோ நேரம் என்ன யாரும் பாத்ததில்ல," என்றாள் அக்கா, ரொம்ப வருஷம் கழித்து என்னிடம் சொல்லும்போது. "கூச்சமா இருந்துச்சி. அப்புறம் கூச்சம் போயிடுச்சி. அப்புறம் ஒண்ணும் இல்ல, குந்தியிருந்தேன்."

மூன்றில் ஒரு தாளைத் துரைசாணி அவளுக்கே கொடுத்தாள். பெயரைக் கேட்டு அடியில் பிரெஞ்சு எழுத்தில் எழுதியும் கொடுத்தாள். மரியதாஸ் அதைப் படித்துக் காட்டினார். அடுத்த வருஷமே அவர் சைகோனில் வேலை கிடைத்துக் கப்பல் ஏறிவிட்டார். துரைசாணியும் ஊருக்குப் போய்விட்டாள்.

அந்தப் படத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் பச்சை. கழுத்தின் கீழ் நீலம். புடவையின் வாடாமல்லி கோட்டுக்குள் நிற்காமல் கசிந்து பின்னால் இருந்த வாழைவரை போயிருக்கும். கண் இரண்டும் பெரிது, கருப்பு மையைச் சிந்திவிட்ட மாதிரி. நெற்றியில் பொட்டு மட்டும் வட்டமாக, அச்சு வைத்ததுபோல். பார்த்தவுடனே இன்னார் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அக்காவைப் பக்கத்தில் நிறுத்தினால் தெரிந்துவிடும். யாரும் நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

மாமாவிடம் காட்டினாள். அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூக்கு சரியா வந்திருக்குது" என்றார். அவராகவே பாகூருக்கு எடுத்துப்போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தார். அக்காவுக்காக அவர் செய்த காரியம் என்றால் அது ஒன்றுதான், அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. சட்டம் போட்டவன் அடிப்பக்கத்தை மடித்து மரத்துக்குள் விட்டிருந்தான். பெயர் உள்ளே போய்விட்டது. அது போனால் போகிறது என்று அக்கா நினைத்தாள். முகம் வெளியில்தானே இருக்கிறது.

கூடத்தில் ஒரே ஓர் ஆணி இருந்தது. படையல் போடும் சுவரில். மாமா அதில் மாட்டினார். வெள்ளைக்காரி எழுதிய படம் என்று மட்டும் ஊரில் தெரிந்தது, யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

மறு ஆடிக்குத் தையலம்மாள் வந்தார். உள்ளே நுழைந்ததும் சுவரைப் பார்த்து அப்படியே நின்றார். வந்து தொட்டுப் பார்த்தார்.

"இது போன வருசம் நான் எடுத்தாந்த பொடவைடா தம்பி. சின்னபொண்ணுக்குப் படைச்ச பொடவை. கட்டிக்கினு குந்தியிருக்குது பாரு."

அவருக்கு அதில் சந்தேகமே வரவில்லை. புடவை பூவாடைக்காரிக்கு எடுத்தது. அதைக் கட்டியிருப்பவள் பூவாடைக்காரி. முகம் மஞ்சளும் பச்சையுமாக மனுஷ நிறத்தில் இல்லை. வெள்ளைக்காரியின் கண்ணுக்கு அவள் தெரிந்திருக்கிறாள், வெள்ளைக்காரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். சின்னபொண்ணுவுக்கு வேறு படமும் கிடையாது. தையலம்மாள் அழுதுகொண்டே சூடம் கொளுத்தினார். ஆறு வயதுச் செல்லக்கண்ணுவைத் தூக்கி அதன் முன்னால் பிடித்தார்.

"ஒங்கம்மாடி. கும்புடு."

அக்கா அடுப்படியில் படையலுக்குத் துள்ளுமாவு இடித்துக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டுக் கையெல்லாம் மாவோடு வந்து நின்றாள். குழந்தை ஏற்கெனவே கை கூப்பியிருந்தது. அக்கா மாமாவைப் பார்த்தாள். அவர் துண்டைத் தோளில் போட்டபடி தூணோடு நின்றிருந்தார். சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள். அவரும் ஏதோ சொல்ல வந்தவர்போலத்தான் தொண்டையைச் செருமினார்.

"எலை போடுங்க," என்றார்.

சாயங்காலம் தையலம்மாள் போன பிறகு அக்கா கேட்டாள். "நீங்க சொல்லியிருக்கலாம்."

"சூடம் கொளுத்திட்டாங்களே. இனிமே சொன்னா, உசுரோட இருக்கறவளுக்குப் படையல் போட்டோம்னு ஆவும். உனக்குத்தான் ஆவாது."

"அடியில எம் பேரு இருக்குது."

"உள்ளயே இருக்கட்டும்."

கோபம் வரவில்லையா என்று நான் அக்காவைக் கேட்டிருக்கிறேன். "வரும்னு பாத்துக்கினே இருந்தேன்," என்றாள். "வர்ல."

அதிலிருந்து பத்து வருஷம். ஆடிதோறும் அவளே மாவு இடித்து, அவளே சமைத்து, அவளே மாலை கட்டி, தன் முகத்துக்குப் போட்டு, தன்னைக் கும்பிட்டு எழுந்தாள். கண்ணாடியைத் துடைப்பதும் அவள் வேலைதான். செல்லக்கண்ணு வளர வளர அந்தப் படத்தோடு பேசுகிற பழக்கம் வந்தது. எதையும் அதனிடம்தான் முதலில் போய்ச் சொல்லுவாள். "அம்மா, இன்னிக்கு சின்னம்மா என் தலையில கொட்டுச்சிம்மா. நீ கேளும்மா" என்பாள். அக்கா அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். தன்னைப் பற்றித் தன்னிடமே கோள் சொல்கிற குழந்தையை என்ன செய்வது? முதலில் சிரிப்பு வந்ததாம். நாளாக ஆக அதுவும் வரவில்லை. நாற்று நடும்போது ரொம்ப நேரம் தண்ணீரில் நின்றால் கால் இருப்பதே தெரியாமல் போகுமே, அந்த மாதிரி இருந்தது என்றாள்.

ஒரே ஓர் ஆசை மட்டும் மரத்துப்போகாமல் இருந்தது. செல்லக்கண்ணு ஒரு தரமாவது அந்தப் படத்தையும் அவளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இது நீயா என்று கேட்க வேண்டும். வாயால் சொல்ல அவளுக்கு வரவில்லை. சொன்னால் அந்தப் பெண்ணுக்கு இருக்கிற ஒரே தாய்முகத்தைப் பிடுங்கியதாக ஆகும் என்று பயந்தாள். அதுவாகக் கண்டுகொண்டால் வேறு. கண்டுகொள்ளுகிற பெண்தானே, கெட்டிக்காரிதானே என்று காத்திருந்தாள்.

1945-ல் செல்லக்கண்ணுவுக்கு வில்லியனூரில் மாப்பிள்ளை அமைந்தது. சண்டைக் காலம். துணி கண்ணில் காண்பதே அபூர்வம். மாமா எங்கெங்கோ அலைந்து இரண்டு புடவை கொண்டுவந்தார். ஒன்று கூறைப்புடவை. மற்றது படையலுக்கு, படைத்த பிறகு கல்யாணப் பெண் கட்டிக்கொள்ள.

"எனக்கு?" என்று கேட்டாள் அக்கா. பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டது.

மாமாவுக்கு அது தோன்றியே இருக்கவில்லை. திகைத்துப் போனார் பாவம். "பொட்டியில ஏதாச்சும் இருக்கும் பாரேன்," என்றார்.

அவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். எல்லாம் நைந்தவை. அடியில் வாடாமல்லிப் புடவை இருந்தது. படம் எழுதிய அன்றைக்குப் பிறகு அதை அவள் கட்டவில்லை, அந்த வருஷத்தைப் பழையதிலேயே ஓட்டிவிட்டு, பத்திரமாக மடித்து வைத்திருந்தாள். அதை எடுத்து மடியில் விரித்துப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. இந்தப் புடவையோடு படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றால் போதும். எதுவும் சொல்ல வேண்டாம்.

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் பூவாடைக்காரியைக் கூப்பிட்டார்கள். பம்பைக்காரர் வீரப்பன் வந்திருந்தார், சுற்றுவட்டாரத்தில் பெரிய கை. கூடம் முழுக்கப் பெண்கள். நானும் என் அம்மாவும் முன்வரிசையில் நின்றோம். வீரப்பன் பாடிப் பாடி அழைத்தார். வழக்கமாகத் தையலம்மாள்மேல்தான் வந்து இறங்கும். அன்றைக்கு அவர் கண்ணை மூடி நின்று பார்த்தார், ஆடிப் பார்த்தார், வரவில்லை. அரை மணி நேரம் பம்பை அடித்தும் பூவாடைக்காரி யார்மேலும் வரவில்லை. உத்தரவு கிடைக்காமல் எப்படிக் கல்யாணம் செய்வது? பெண்கள் ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். செல்லக்கண்ணு படத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். முகத்தில் அப்பிய மஞ்சள். வட்டப் பொட்டு. இடப்பக்கம் சாமந்தி. வாடாமல்லிப் புடவை, கிளிப்பச்சைக் கரை. யாரையும் பார்க்காமல் நேரே நடந்து படத்துக்குப் பக்கத்தில் போய்த் திரும்பி நின்றாள்.

பம்பை நின்றது. என் அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"வந்துட்டா. எங்க சின்னபொண்ணு வந்துட்டா."

குலவை எழுந்தது. பம்பை மறுபடியும் பிடித்துக்கொண்டது. நானும் கீழே விழுந்து கும்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரியை, நேற்று எங்கள் வீட்டில் உப்பு வாங்கிப் போனவளை, நான் அடையாளம் காணவில்லை. இன்றைக்கும் இதை நினைத்தால் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

வீரப்பன் கிட்டே வந்தார். "வந்திருக்கறது யாரும்மா? பேரச் சொல்லு."

"கனகாம்பா," என்றாள் அக்கா.

கூட்டத்தில் முணுமுணுப்பு. வீரப்பன் எத்தனை பேரைப் பார்த்தவர். அசரவில்லை.

"அது ஒடம்பு பேரு. ஒடம்புல எறங்கினவ பேரு இன்னா?"

அக்கா படத்தைக் கையால் காட்டினாள். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. "அதுல இருக்கறது நான்தான்."

அவ்வளவுதான். இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் எல்லாருக்கும் போய்விட்டது. தையலம்மாள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "நான்தான் நான்தான்" என்று அக்கா இன்னும் இரண்டு தடவை சொன்னாள். சொல்லச் சொல்லக் குலவை கூடிற்று.

கும்பிட்ட தலைகளுக்கு மேலாக அக்கா மாமாவைத் தேடினாள். அவர் வாசற்படியில் நின்றிருந்தார். உண்மை தெரிந்த ஒரே ஆள். அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். பயந்துதான் கும்பிட்டார் என்று அக்கா சொன்னாள். எதைக் கண்டு பயந்தார் என்பது அவளுக்கும் தெரியவில்லை.

அதற்குள் செல்லக்கண்ணு ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். முகத்தைப் புடவையில் வைத்துத் தேய்த்தாள்.

"அம்மா. நீ எங்கம்மாதானே?"

அக்கா குனிந்து பார்த்தாள். அந்தத் தலையை அவள் பதினைந்து வருஷம் வாரிப் பின்னியிருக்கிறாள். அந்தத் தலை அவள் காலடியில் ஆடிக்கொண்டிருந்தது. செல்லக்கண்ணு நிமிர்ந்தாள். அக்காவின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள், இவ்வளவு கிட்டத்தில், கண் கொட்டாமல். பார்த்துவிட்டு மறுபடியும் "அம்மா" என்றாள்.

"ஒங்கம்மாதான்," என்றாள் அக்கா.

"எனக்கு உத்தரவு குடும்மா. நான் போவட்டுமா?"

"போய்ட்டு வா. நல்லா இரு."

உத்தரவு கிடைத்துவிட்டது. இனி இறங்கியவளை மலையேற்ற வேண்டும். வீரப்பன் ஒரு கட்டிச் சூடத்தைக் கொளுத்தி அவள் முன்னால் நீட்டினார். வந்தது நிஜமாக இருந்தால் நாக்கு சுடாது, எரிகிற சூடத்தை விழுங்கிவிட்டு அடங்கிவிடும் என்பார்கள். அக்கா அந்தச் சுடரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் எல்லாம் அங்கேயே தெரிந்துபோயிருக்கும். செல்லக்கண்ணு அவள் காலை இன்னும் விடவில்லை. அக்கா நாக்கை நீட்டினாள்.

கல்யாணப் பந்தியில் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. மூன்று நாளும் கொல்லையில் உட்கார்ந்து ஆறிய கஞ்சியை வாயில் ஊற்றிக்கொண்டாள். நான் ஒரு தரம் ஊறுகாய் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். ஏன் என்றதும் நாக்கை நீட்டிக் காட்டினாள். நுனியிலிருந்து பாதிவரை வெந்து தோல் உரிந்திருந்தது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் அழுதேன். அவள் அழவில்லை.

"யாருக்கிட்டயும் சொல்லாத," என்றாள், வார்த்தை குழற. மற்றதையெல்லாம் நாக்கு ஆறிய பிறகு, அந்தத் தை அறுப்புக்கு நெல் அவிக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். இப்போது அக்காவும் இல்லை, மாமாவும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு நாலாம் நாள் பெண்ணை வில்லியனூருக்கு வண்டி ஏற்றினார்கள். செல்லக்கண்ணு படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆணியிலிருந்து எடுத்து, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தவள் அக்காதான். அதைப் பழைய வேட்டியில் சுற்றி, முகம் மட்டும் வெளியே தெரிய, மடியில் வைத்துக்கொண்டு செல்லக்கண்ணு வண்டியில் உட்கார்ந்தாள். அப்பாவிடம் சொல்லிக்கொண்டாள், அத்தையிடம் சொல்லிக்கொண்டாள், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கடைசியாகத் திரும்பி, "வரேன் சின்னம்மா," என்றாள்.

அக்கா தலையை ஆட்டினாள். வண்டி தெருமுனை திரும்புகிறவரை செல்லக்கண்ணு குனிந்து மடியில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டு போனாள்.

பெண்கள் கலைந்தார்கள். என் அம்மா மட்டும் நின்று, ஆசையாக அக்காவின் தோளைத் தொட்டுக் கேட்டாள். "அன்னிக்கு அவ உம்மேல எறங்கினாளே, அப்ப எப்புடிடி இருந்துச்சி?"

"ஒண்ணும் ஞாபகம் இல்ல," என்றாள் அக்கா.